இரண்டு துண்டு பீற்றூட்

ஒரு கடிதத்தை எழுதி முடித்தால் அவர் அதைக் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். கடைசி வரியில் சுட்டுவிரலை வைத்து, அதற்கு மேல் வரி, அதற்கும் மேல் வரி என்று ஏறிக்கொண்டே போய் ‘ஐயா’ என்ற முதல் சொல்லில் வந்து நிற்பார். மேலிருந்து வாசித்தால் கருத்து கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுமாம், கீழிருந்து வாசித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியுமாம். ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் முழுக் கடுதாசியையும் நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு புதிதாகத் தொடங்குவார். நான் போய்ச் சோற்றை வடித்து, கறியை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் இரண்டாவது கடுதாசியில் விரல் வைத்திருப்பார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். பெயர் போடாமல் எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை, அவரைப் பற்றி எழுதும்போது நானும் அப்படியே செய்துவிட்டுப் போகிறேன். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கிளாக்கரையா. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த இடம் உடுவில். நெற்றியில் திருநீறு, வெள்ளை அரைக்கைச் சேட்டு, பையில் மைப்பேனை, கக்கத்தில் மட்டைக் கோவை. மீன் மணக்கிற எங்கள் கரையில், வேதக்கோயிலுக்குப் பின்னால், மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஒரு சைவக்காரர் எதற்காக அறை எடுத்து இருக்கிறார் என்று ஆரம்பத்தில் எல்லோரும் கதைத்தோம். பிறகு அவருடைய பேனை எங்களுக்குப் பழகிவிட்டது, கதைப்பதை விட்டுவிட்டோம்.

எங்கள் ஆட்கள் கடலில் எதற்கும் பயப்படமாட்டார்கள், ஒரு படிவத்தைக் கண்டால் மட்டும் கை நடுங்கும். வலை அறுந்ததற்கு நட்டஈடு, விதவைக்குக் கொடுப்பனவு, பிறப்புச் சான்றிதழில் மாறிப்போன எழுத்து, ஒழுங்கை முனையில் எரியாத விளக்கு, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் ஓடினோம். அவர் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. ஒரு வெறுந்தேத்தண்ணி, அதுவும் சீனி இல்லாமல். மீன் கொண்டுபோய்க் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே ஊர் முழுக்க அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தது, திருப்பிச் செய்ய ஒன்றும் கிடைக்காமல்.

நான் அவரிடம் போனது என் வேலைக்காக. பக்கத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குத் தொண்டர் ஆசிரியையாகப் பதினொரு வருடம் படிப்பித்தேன். தொண்டர் என்றால் ஆசிரியைக்குரிய வேலை எல்லாம் உண்டு, நியமனம் மட்டும் கிடையாது. நிரந்தர நியமனம் கேட்டு வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் போகவேண்டும். முதல் இரண்டு விண்ணப்பத்தை நானே எழுதினேன், பதிலே வரவில்லை. மற்றவற்றை அவர் எழுதினார், பதில் வந்தது. ‘இம்முறை இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்றுதான் வந்தது, ஆனால் வந்தது. கல்விக் கந்தோரில் ஒரு மனுசன் அதை வாசித்திருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. என்னைப் பற்றி அவர் எழுதியதை வாசிக்கும்போது எனக்கே என்மேல் மரியாதை வரும்.

பிழை கண்ட இடத்தில் சும்மா இருக்க அவரால் முடியாது. ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. வந்தார், பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றார், உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. வெளியே வந்தவர் படலையில் கட்டியிருந்த பெரிய பதாகையைப் பார்த்தார். ‘கண்ணிர் அஞ்சலி’ என்று அச்சடித்துவிட்டார்கள். பேனையை எடுத்து மூடியைக் கழற்றி, கால்விரலில் எம்பி நின்று, அந்த ‘ணி’க்கு மேலே சுழித்து அதை ‘ணீ’ ஆக்கிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். செத்தவருடைய மனுசி பிறகு அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தா. தன் புருஷனைக் கிளாக்கரையா ஒரு பிழையும் இல்லாமல் அனுப்பிவைத்தவராம்.

இனி என் சாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கரையில் இயேசு பிறந்த நத்தாருக்கு வீட்டில் கேக்கும் வைனும் இல்லாவிட்டால் அது நத்தார் இல்லை. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த கிழமையில் நீர்வேலிப் பக்கத் தோட்டத்திலிருந்து முந்திரிகைப்பழம் எடுப்பேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை, பருப்பு எடுக்கிற மற்றது எங்களுக்கு மரமுந்திரிகை. கறுத்த பழமாகப் பார்த்து எடுத்து, காம்பு ஆய்ந்து, கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக விடவேண்டும். பிறகு சாடியில் போட்டுக் கையாலேயே நசிக்கவேண்டும். அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் விதை உடைந்து கைத்துப்போகும். சீனி, கொதித்து ஆறிய தண்ணீர், இளஞ்சூட்டு நீரில் கரைத்து நுரைக்கவைத்த ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் கறுவா, நாலைந்து கராம்பு. வாயைத் துணியால் கட்டி, தினமும் ஒருதரம் மர அகப்பையால் கிண்டிவிடவேண்டும். காதை வைத்தால் உள்ளே சின்னதாக ஒரு இரைச்சல் கேட்கும். பத்து நாளில் தோலும் சக்கையும் வடித்து, திரும்ப ஊற்றி, மூடி, ஆடாமல் அசையாமல் வைத்தால் நத்தாருக்கு முதல் கிழமை தெளிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய குழாயால் இறக்கிப் போத்தலில் அடைப்பேன். ஒருவருக்கும் விற்றதில்லை. வருகிறவருக்கு ஒரு கிளாஸ், வேண்டியவர் வீட்டுக்கு ஒரு போத்தல், அவ்வளவுதான்.

அவர் குடிவகையை ஒருநாளும் தொடாத மனுசன். முதல் வருடம் கேக்கும் வைனும் வைத்தபோது கேக்கில் முட்டை என்று ஒதுக்கினார். வைனை மட்டும் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதை வைன் என்று சொல்லக்கூடாது, முந்திரிகை இரசம் என்றே சொல்லவேண்டும் என்றார். ஈஸ்ட் என்றும் சொல்லக்கூடாதாம், மதுவம் என்று நல்ல தமிழ்ச் சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதாம். சொல்லைத் திருத்தியதும் அது அவருக்குக் குடிக்கக்கூடிய பொருளாகிவிட்டது. இரசம்தானே, மருந்துதானே என்று இரண்டு மிடறு. அதன்பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வருவதற்குள் வெளுத்த வேட்டியோடு ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பார். புதுப் போத்தலின் முதல் கிளாஸ் அவருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. என் மனுசன்கூட அவருக்குப் பிறகுதான்.

குடித்தால் சும்மா குடிக்கமாட்டார், விசாரிப்பார். என்ன அளவு, எத்தனை நாள், கோதுமை எதற்கு, கராம்பு எதற்கு. ஒரு வருடம் குசினி வாசலில் வந்து நின்றுகொண்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சிவப்பு எப்படி வருகிறது, பழத்தைப் பிழிந்தால் சாறு வெளிறித்தானே இருக்கிறது என்று விட்டபாடில்லை. தோல் பத்து நாள் சாற்றோடு கிடந்து நுரைக்கும்போது நிறம் இறங்கும், அதுதான் விஷயம். அன்று எனக்கு நத்தார்ப் பலகாரம் ஒருபக்கம் கரிந்துகொண்டிருந்தது. குறும்பும் கொஞ்சம் வந்தது. இரண்டு பேரைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை.

“பீற்றூட் ஐயா. ரெண்டு துண்டு போடுவன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“செத்தாலும் சொல்லமாட்டன் பிள்ளை,” என்றார் அவர், கோயிலில் சத்தியம் செய்கிற முகத்தோடு.

எங்கள் கரைப் பெண்கள் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். வைனுக்குப் பீற்றூட் போடுகிறவள் என்று பெயர் வந்தால் அது போதும், பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கிளாஸைத் தொடமாட்டார்கள். அவருக்கு அது தெரியாது. நான் பகிடிக்குச் சொன்னதை அவர் உண்மை என்று எடுத்துக்கொண்டார். அடுத்த நத்தாருக்குக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்பதுபோல. பாவம், இனி உண்மையைச் சொல்லி அவரை வெட்கப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். மனுசனிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. வாயால் கோபப்பட்டு என்று சொல்லவேண்டும். ஒரு வருடம் அவசரப்பட்டு, நுரைப்பு அடங்குமுன் அடைத்த ஒரு போத்தலை அவரிடம் கொடுத்துவிட்டேன். அது அவருடைய அறையில் தக்கையைத் தள்ளிக்கொண்டு வெடித்து, அலுமாரியில் அடுக்கியிருந்த கடிதப் பிரதிகள் எல்லாம் ஊதா நிறமாகிவிட்டன. இரண்டு நாள் கழித்து தபாற்காரர் எனக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார், முத்திரை ஒட்டி. அவர் இருந்தது எங்கள் வீட்டிலிருந்து நாலாவது படலை. தாங்கள் அன்புடன் வழங்கிய முந்திரிகை இரசப் போத்தலானது தக்கபடி அடைக்கப்படாமையால் எனக்கு நேர்ந்த இழப்பை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று தொடங்கி ஒரு பக்கம். கீழே, ‘பிரதி: தங்கள் கணவர்.’ மனுசனுக்கு வந்த பிரதியும் அதே தபாலில் வந்தது. நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்று பின்னேரமே அவர் வந்தார், தேத்தண்ணி குடித்தார், ஒன்றுமே நடக்காததுபோல் கதைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பாடசாலையில் உடுவில் ரீச்சர் ஒருத்தி இருந்தா. நான் இந்தப் போத்தல் கதையைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவ மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அங்கே ஒரு தம்பி இருக்கிறாராம். இருவருக்கும் ஒரே வளவு, நடுவில் ஒரு வேலி. அந்த வேலி ஒரு முழம் தள்ளி அரக்கியதில் தொடங்கி, அண்ணனும் தம்பியும் வருடக்கணக்காக ஒரு சொல் கதைக்காமல் தபாலிலேயே சண்டை பிடித்தார்களாம். கடைசியில் தம்பியின் வேலைக்கே ஒரு மொட்டைப் பெட்டிசம் போய், ஊரில் முகம் கொடுக்கமுடியாமல்தான் இவர் இங்கே வந்தாராம்.

“உவரைப் பகைச்சுப்போடாதேங்கோ ரீச்சர்,” என்றா. “உவர் வாயால சண்டை பிடிக்கமாட்டார்.”

எனக்கு அவமேல்தான் கோபம் வந்தது. ஊரார் வாய்க்கு எது கிடைத்தாலும் போதும் என்று நினைத்தேன். எங்களுக்காக இத்தனை செய்கிற மனுசனைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்ல எப்படி மனம் வருகிறது என்று அவவோடு இரண்டு கிழமை சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எனக்கு நாற்பத்திநாலு வயது நடந்த வருடம் அது. நிரந்தர நியமனத்துக்கு நாற்பத்தைந்து எல்லை, ஆகவே அதுதான் கடைசி விண்ணப்பம். அந்த முறை கடிதம் வேண்டாம், படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். என் மச்சாளின் மகள் தன் போனிலேயே கால் மணித்தியாலத்தில் நிரப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு நம்பவே முடியவில்லை. இத்தனை வருடம் இரண்டு நாள் இருந்து எழுதியது, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வழக்கம்போல அவர் அடுத்த நாள் வந்தார். மேசையைத் துடைத்து, புதுக் கடுதாசிகளை எடுத்து, ஓரம் மடித்து, பேனையின் மூடியைக் கழற்றி வைத்தார். நான் குசினியில் இருந்து சிரித்துக்கொண்டே வந்து விஷயத்தைச் சொன்னேன். அனுப்பியாயிற்று, கிடைத்தது என்று உடனே பதிலும் வந்துவிட்டது, போனில் பாருங்கோ என்று காட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை. மூடியை எடுத்துப் பேனையில் போட்டுத் திருகினார்.

“நல்லது பிள்ளை. அப்ப இனி நான் தேவையில்லை.”

“இனி உங்களுக்கும் கரைச்சல் இல்லை ஐயா,” என்றேன் நான்.

நல்ல மனதோடு சொன்ன சொல். வயதான மனுசன், என்னால் இனி அலையவேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவர் கடுதாசிகளைக் கோவைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று தேத்தண்ணி குடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது. இத்தனை வருடம் தட்டிய கதவு திறக்கப்போகிறது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டேன். மார்கழி பிறந்து முதல் சனிக்கிழமை, காலை பத்து மணியிருக்கும், மதுவரிக்காரர் இருவர் படலையில் வந்து நின்றார்கள். மனுசன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அதிகாரி மரியாதையான மனுசன்தான். ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். உத்தரவுப் பத்திரம் இல்லாமல் தயாரித்தால் வீட்டுத் தேவைக்கென்றாலும் குற்றம்தானாம். கரையில் நூறு வீட்டில் நூறு சாடி இருக்கும்போது என் வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கையில் இருந்த கடுதாசியை விரித்து, எதைத் தேடி வந்தோம் என்று அவர் வாசித்தார்.

மேற்படி பெண்மணி ஆசிரியை என்ற போர்வையில் தனது இல்லத்தில் முந்திரிகைப்பழம், சீனி, மதுவம், நிறத்துக்காகப் பீற்றூட் கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்து மதுபானம் தயாரித்து வருகிறார், பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கருத்திற்கொண்டு ஆவன செய்யவும். கீழே, ‘இப்படிக்கு, நலன்விரும்பி.’ அதற்கும் கீழே பிரதிகள், அதில் ஒன்று கல்விக் கந்தோருக்கு.

மதுவம் என்றால் என்ன என்று அதிகாரி மற்றவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பதினொரு வருடம் படிப்பித்த பழக்கம், வாய் தானாகவே ஈஸ்ட் என்று சொல்லிக்கொடுத்தது. அடுத்ததாக அவர்கள் என் மரக்கறிக் கூடையைக் கிளறிப் பீற்றூட் தேடினார்கள். எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்கடை ஆக்கள் ஆரும் வைனுக்குப் பீற்றூட் போடுவினமே ஐயா?”

“இதில அப்பிடித்தான் கிடக்கு அம்மா,” என்று அவர் கடுதாசியைக் காட்டினார்.

பார்த்தேன். இடக்கையால் எழுதியதுபோல் கோணல்மாணலான எழுத்து. ஆனால் இடப்பக்கத்தில் மடித்து விட்ட ஓரம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. ஒரு சந்திப் பிழை இல்லை, ஒரு புள்ளி விடுபடவில்லை. அந்தப் பக்கத்திலேயே ஒரே ஒரு பிழைதான் இருந்தது, அதை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் நான் சொல்லியிருந்தேன். கடுதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குசினிப் படியில் இருந்துவிட்டேன்.

மூடிய சாடியை இருவரும் ஒழுங்கையால் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாப் படலையிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த வீடுகளிலும் சாடி இருந்தது, ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அழுதது சாடிக்காகவோ வழக்குக்காகவோ இல்லை. என் வீட்டில் குடிக்கும்போது அது இரசம், எழுதும்போது மதுபானம். அந்த ஒரு சொல் மாற்றத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அன்று பின்னேரம் அவர் வந்தார். கோவையும் பேனையுமாக வந்தார். கேள்விப்பட்டேன் பிள்ளை, ஒன்றுக்கும் யோசிக்காதே, நான் இருக்கிறேன் என்றார். முறையீடு ஒன்று எழுதிக் கல்விக் கந்தோருக்கு உடனே கொடுக்கவேண்டுமாம், நீதிமன்றத்துக்கு ஒன்று தனியாக வேண்டுமாம். மேசையைத் தானே துடைத்தார். துரோகம் செய்கிறவருடைய முகம் வேறு மாதிரி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய முகத்தில் இருந்தது சந்தோஷம். பல மாதமாகக் காணாத சந்தோஷம். எனக்கு அப்போது எல்லாம் விளங்கியது. அவருக்கு என்மேல் பகை இல்லை. நான் திரும்பவும் அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. எழும்பிப் போங்கோ என்று சொல்லியிருக்கவேண்டும். என்னால் முடியவில்லை. அவரைவிட நன்றாக எழுத வேறு ஆள் இல்லை, எனக்கு அந்த வேலை வேண்டும். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன். அவர் இரண்டு தடவை கிழித்து மூன்றாம் தடவை எழுதினார். கண்ணீர் வரவைக்கிற கடிதம். பாரம்பரியமாகத் திருநாளுக்கென வீட்டில் தயாரிக்கப்படும் முந்திரிகை இரசம் என்று எழுதியிருந்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்து மேல்நோக்கி வாசிக்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், சின்னத் தண்டத்தோடு எச்சரித்து விட்டார்கள். நேர்முகத்தில் இருந்த அம்மா என் கோவையைத் திறந்தா. பெட்டிசத்தின் பிரதியும் முறையீடும் ஒன்றாகக் குத்திக் கிடந்தன. ஒரே ஆள் எழுதிய இரண்டு கடிதமும் அருகருகே கிடக்க, நான் முன்னால் இருந்தேன். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறி வாசித்தா. இரண்டும் நல்ல கடிதங்கள், பெட்டிசம் கொஞ்சம் கூடுதலாக நன்றாக இருந்திருக்கவேண்டும். முறைப்பாடு குறித்த விசாரணை முடியும்வரை தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுத்தில் வந்தது. அது முடிவதற்குள் எனக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. பாடசாலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். இப்போது வீட்டில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மனுசனிடம் சொன்னால் கரையில் பெரிய சண்டையாகியிருக்கும். தவிரவும் எதைக் காட்டிச் சொல்வது, பீற்றூட்டையா? அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்த பிறகு வந்த மற்றப் பெட்டிசங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மதில் கட்டினவனுக்கு ஒன்று, கடற்கரையில் கொட்டில் போட்டவனுக்கு ஒன்று. அவர்கள் எல்லோரும் பதில் எழுதுவிக்க யாரிடம் போனார்கள் என்பதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அவற்றையும் அவர்தான் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது என்னுடையது ஒன்றுதான்.

அடுத்த நத்தாருக்கும் அவர் வந்தார். பூசை முடிந்து வந்தபோது வெளுத்த வேட்டியோடு விறாந்தையில் இருந்தார், மடியில் வாழைப்பழச் சீப்பு. மனுசன் தன் தமையன் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வருடம் நான் சாடி வைக்கவில்லை. காலையில் கொஞ்ச முந்திரிகையைப் பிழிந்து, சீனி போட்டுச் சாறு செய்திருந்தேன். அதையே அந்தப் பழைய கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நிறம் குறைவாய்க் கிடக்கே பிள்ளை.”

ஒரு வருடம் முழுக்க எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கத்துவது, அழுவது, செருப்பைக் காட்டுவது எல்லாம் அதில் இருந்தது. வந்தது இவ்வளவுதான்.

“பீற்றூட் போடேல்லை ஐயா. நான் ஒருநாளும் போட்டதில்லை. அண்டைக்கு உங்களுக்குச் சும்மா பகிடிக்குச் சொன்னது. வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

கிளாஸ் அவருடைய கையிலேயே நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அதை மெல்ல மேசையில் வைத்தார். அவருடைய உதடு அசைந்து அசைந்து நின்றது.

“அப்ப நான் பிழையாய் எழுதிப்போட்டன் பிள்ளை,” என்றார்.

என் நெஞ்சு ஒருமுறை இளகியது. இதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன். இந்த ஒரு சொல்லுக்காக அவரை மன்னித்துவிடக்கூட என் மனம் ஆயத்தமாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் கீழ் ஓரத்தில் சுட்டுவிரலை வைத்து, அங்கே இல்லாத ஒரு கடிதத்தை, வரி வரியாக மேல்நோக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.